சடங்கு வைத்தோம்... பேசினோமா?

பினாங்கு துறைமுக நகரில் நடந்த தொலைக்காட்சி அரங்கில், ‘வயசுக்கு வரும் பெண்ணும், பெண்கள் எடுத்த சினிமாவும்’ என்ற தலைப்பில் ஒலித்த பேச்சு இது:

கடல் காற்றை வாங்கிக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம். பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி பிடித்து வந்திருக்கும் தாய்மார்களுக்கு வணக்கம். ‘வாடி, சும்மா வந்து உட்கார்ந்துட்டு வா’ என்று அம்மா இழுத்து வந்ததால், வேறு வழியில்லாமல் வந்திருக்கும் பெண் பிள்ளைகளுக்குச் சிறப்பு வணக்கம்!

இந்தச் சபையிடம் முதலில் ஒரு கேள்வி. வீட்டில் பெண் வயசுக்கு வந்தபோது சடங்கு வைத்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். அடேயப்பா... எத்தனை கைகள்! சந்தோஷம். இப்போது இரண்டாவது கேள்வி. சடங்கு முடிந்து, நாற்காலிகளைத் திருப்பி அனுப்பி, மொய்க் கணக்கையும் பார்த்து முடித்த பிறகு, அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, ‘உன் உடம்புல என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமாம்மா? பயமா இருக்கா? மனசுல என்ன இருக்கு?’ என்று கேட்டவர்கள் கை தூக்குங்கள். எங்கே... முன்பு தூக்கிய கைகளில் பாதியைக் காணோமே!

இதுதான் இன்றைய பேச்சு. பத்திரிகை அடித்தாயிற்று. தாய்மாமன் சீர் வந்தாயிற்று. மண்டபம், மேடை, மாலை, போட்டோ, வீடியோ எல்லாம் ஆயிற்று. ஊருக்கே சொல்லிவிட்டோம். யாருக்குச் சொல்ல வேண்டுமோ, அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குச் சொன்னதெல்லாம், ‘இனிமே ஓடாதே, ஆடாதே, சத்தம் போட்டுச் சிரிக்காதே, பையன்களோட பேசாதே, வாசல்ல நிக்காதே.’ எல்லாமே ‘தே... தே...’ என்று முடிகிற வாக்கியங்கள். ஒரு ‘செய்’ கிடையாது. ஒரு ‘ஏன்’ கிடையாது.

அந்த 12 வயதிலிருந்து 18 வயது வரை, நம் வீட்டுப் பெண்ணுக்கு உள்ளே ஒரு பெரிய கதை ஓடுகிறது. அந்தக் கதையை வீடு கேட்கவில்லை. பள்ளிக்கூடம் கேட்கவில்லை. சினிமாவாவது கேட்டதா? ரொம்ப நாள் அதுவும் கேட்கவில்லை. நம் பழைய படங்களில் பெண் வயசுக்கு வருவது என்றால் ஒரு பாட்டு. மஞ்சள் தண்ணீர், குடிசை கட்டும் மாமன், சுற்றி நின்று ஆடும் பெண்கள். பாட்டு முடிந்தால் அடுத்த காட்சியில் மாப்பிள்ளை பார்க்க ஆள் வந்து நிற்கும். அந்தப் பாட்டுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே ஒரு பெண் இருந்தாளே, அவள் என்ன நினைத்தாள் என்று எந்தக் கேமராவும் எட்டிப் பார்த்ததில்லை. காரணம் எளிது. கதை எழுதியவர் ஆண், படம் பிடித்தவர் ஆண், வெட்டி ஒட்டியவர் ஆண். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த அறைக்குள் அவர்கள் போனதே இல்லை, அவ்வளவுதான்.

அந்த அறைக்குள் இருந்து வந்தவர்கள் கேமராவைக் கையில் எடுத்தபோது என்ன நடந்தது என்பதைத்தான் இனி பார்க்கப் போகிறோம். வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு படம் இதே மலேசிய மண்ணில் எடுத்தது. ஒரு படம் நம் தாய்மொழியில் எடுத்தது.

அதற்கு முன் இந்தத் துறைமுகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ‘ரஜூலா’ கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்த காலம், இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு மறந்திருக்காது. அந்தக் கப்பல்களில் தாலிக் கயிறு காயாத பெண்கள் வந்து இறங்கினார்கள். 15 வயசு, 16 வயசு. வாலிபம் என்றால் என்ன என்று தெரிவதற்கு முன்பே, லயத்து வீட்டில் அடுப்பு மூட்டினார்கள். விடியற்காலையில் பால் மரம் வெட்டப் போனார்கள். அவர்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த தலைமுறை. 1972ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் திறந்தார்கள். மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்துப் பெண்கள், கம்பத்துப் பெண்கள் என்று ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போனார்கள். ராத்திரி ஷிப்டு. கையில் முதல் சம்பளம். அந்தச் சம்பளத்தில் வீட்டுக்கு அரிசி வந்தது, தம்பிக்குப் புத்தகம் வந்தது. கூடவே ‘ராத்திரி வேலைக்குப் போறவ’ என்ற பேச்சும் வந்தது. அவளும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது மூன்றாவது தலைமுறை, பேத்தி. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிக்கிறாள். அங்கே வரைக்கும் ஆசிரியை தமிழில் ‘கண்ணு’ என்று கூப்பிட்டார். அடுத்து இடைநிலைப் பள்ளி. பாடமெல்லாம் மலாய் மொழி. பெரிய பள்ளி, புது முகங்கள். மொழி தடுமாறியதால் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார்ந்துவிட்டுப் போனவர்களும் உண்டு. யோசித்துப் பாருங்கள். பள்ளி மாறுகிறது, மொழி மாறுகிறது, தோழி மாறுகிறாள், அதே நேரத்தில் உடம்பும் மாறுகிறது. நான்கும் ஒரே சமயத்தில், 12 வயதில்! பெரியவர்களுக்கு வேலையும் வீடும் ஒன்றாக மாறினாலே ரத்த அழுத்தம் ஏறுகிறது. அந்தப் பிள்ளைக்கு?

அந்த 12 வயதுப் பெண்ணைத்தான் அமாண்டா நெல் யூ என்ற மலேசியப் பெண் இயக்குநர் ‘டைகர் ஸ்ட்ரைப்ஸ்’ என்ற மலாய்ப் படத்தில் காட்டினார். தயாரிப்பாளர் ஃபூ ஃபெய் லிங், அவரும் பெண். கதை சின்னது. சஃபான் என்று ஒரு துறுதுறுப்பான பெண். பள்ளிக் கழிப்பறையில் தோழிகளோடு சேர்ந்து ஆடுவாள், அதைக் கைப்பேசியில் படம் பிடிப்பாள். வகுப்பிலேயே முதலில் வயசுக்கு வருவது அவள்தான். அவ்வளவுதான், தோழிகள் விலகுகிறார்கள். ‘நாற்றம்’ என்கிறார்கள். ஒதுக்குகிறார்கள், சீண்டுகிறார்கள். அவள் உடம்பு மாறத் தொடங்குகிறது. நகம் மாறுகிறது, கண் மாறுகிறது... மெல்ல மெல்லப் புலியாக மாறுகிறாள்! பள்ளியில் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள். பெரியவர்கள் பேய் என்கிறார்கள். பேயோட்டுகிறவரைக் கூட்டி வருகிறார்கள். அவர் அதைக் கைப்பேசி வழியாக ஊருக்கே நேரடியாகக் காட்டுகிறார்.

சிரிப்பாக இருக்கிறதா? சிரிக்க வேண்டாம். நம் ஊரிலும் ‘வயசுப் பொண்ணு, தனியாப் போகாதே, காத்து கருப்பு அண்டிடும்’ என்று சொல்லி, கையில் இரும்பைக் கொடுத்து அனுப்பிய பாட்டிகள் இருந்தார்கள். உடம்பு மாறுவதை ஒரு பிள்ளைக்கு விளக்கிச் சொல்லத் தெரியாத இடத்தில் எல்லாம், பேய் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது ஒரு அம்மாவின் பத்து நிமிடம். கிடைத்தது ஒரு பேயோட்டி. இதுதான் அந்தப் படத்தின் கதை.

2023ல் கேன்ஸ் பட விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் இந்தப் படம் முதல் பரிசு வாங்கியது. ஆஸ்கருக்கு மலேசியா அனுப்பிய படமும் அதுதான். அதே வருடம் அக்டோபரில் சொந்த நாட்டுத் திரையரங்குக்கு வந்தபோது, தணிக்கை வெட்டு விழுந்திருந்தது. ‘இங்கே காட்டப்படுவது நாங்கள் எடுத்த படம் அல்ல, இந்த நாட்டில் சிறு பெண்ணாக இருப்பதன் சந்தோஷத்தையே எடுத்துவிட்டார்கள்’ என்ற பொருளில் இயக்குநர் வெளிப்படையாக அறிக்கை விட்டார். உலகம் பார்த்தது ஒரு படம், உள்ளூர் பார்த்தது வேறு படம். நம் வீட்டிலும் இதுதானே நடக்கிறது? தோழிகளுக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, நமக்குத் தெரிந்த பெண் ஒருத்தி. நம் எதிரில் வரும்போது அவள் தன்னைத் தானே வெட்டிக்கொண்டுதான் வருகிறாள்.

அடுத்து, தமிழ்ப் பெண்கள் பக்கம் வருவோம். 2002ல் நடிகை ரேவதி முதன்முதலாக ஒரு படம் இயக்கினார். பெயர் ‘மித்ர், மை ஃப்ரெண்ட்’. ஆங்கிலப் படம். கதை, திரைக்கதையில் வி.பிரியாவும் சுதா கொங்கராவும். ஒளிப்பதிவு ஃபவுசியா பாத்திமா. படத்தொகுப்பு பீனா பால். இசை, இளையராஜாவின் மகள் மறைந்த பவதாரிணி. முக்கியமான தொழில்நுட்பப் பொறுப்பெல்லாம் பெண்கள் கையில்! அந்தக் காலத்தில் அதைக் கேட்டுப் பலர் புருவத்தை உயர்த்தினார்கள். படம் என்ன செய்தது? சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. ஷோபனாவுக்குச் சிறந்த நடிகை விருது. பீனா பாலுக்குச் சிறந்த படத்தொகுப்பு விருது. கைதட்டலாம்!

அந்தக் கதையைக் கேளுங்கள். சிதம்பரத்துப் பெண் லட்சுமி கல்யாணமாகி அமெரிக்கா போகிறாள். மகள் பிறக்கிறாள். மகளே உலகம் என்று வாழ்கிறாள். மகளுக்கு 17 வயது ஆகிறது. ‘என் விஷயத்தில் தலையிடாதேம்மா’ என்கிறாள். ஒரு பையனோடு நெருக்கமாக இருப்பதை அம்மா பார்த்துவிடுகிறாள், கை நீட்டிவிடுகிறாள். மகள் வீட்டை விட்டே போய்விடுகிறாள். வெறும் வீட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மா, இணையத்தில் முகம் தெரியாத ஒரு நண்பனிடம் மனதைக் கொட்டுகிறாள். அந்த நண்பன் யார் தெரியுமா? அதே வீட்டில் இருக்கும் அவள் கணவன்தான்!

ஒரே கூரை. மூன்று பேர். ஒருவரோடு ஒருவர் பேச, நடுவே ஒரு மெஷின் வேண்டியிருக்கிறது. இதை ரேவதி சொன்னபோது நம்மில் பலர் கையில் கைப்பேசிகூடக் கிடையாது. இன்றைக்கு நிலைமை என்ன? அம்மா சமையலறையில் இருந்து, மாடியில் இருக்கும் மகளுக்கு ‘சாப்பிட வா’ என்று வாட்ஸ்அப் அனுப்புகிறாள். அவள் கட்டை விரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புகிறாள். இதற்குப் பெயர் பேச்சுவார்த்தை!

அந்தப் படத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மகள் தறுதலையும் இல்லை, அம்மா கொடுமைக்காரியும் இல்லை. அம்மாவுக்கும் ஒரு வயசு இருந்தது, ஒரு ஆசை இருந்தது, ஒரு தனிமை இருந்தது என்று அந்தப் படம் காட்டியது. பெண்கள் எடுத்த படங்களில் இது திரும்பத் திரும்ப வருகிறது. மகளின் கதையை எடுக்கப் போகிறார்கள், பாதி வழியில் அம்மாவின் கதை வந்து நிற்கிறது.

2024ல் வந்த ‘கேர்ள்ஸ் வில் பி கேர்ள்ஸ்’ படத்தைப் பாருங்கள். இயக்கம் சுச்சி தலாட்டி. ஒளிப்பதிவும் ஒரு பெண்தான். இமயமலை அடிவாரத்தில் ஒரு கண்டிப்பான உறைவிடப் பள்ளி. அங்கே மாணவர் தலைவியாக வருகிற முதல் பெண் மீரா. மற்ற பெண்களின் பாவாடை உயரத்தை அளக்கிற பொறுப்பு இவளுக்கு. அவளுக்கே ஒரு பையன் மேல் ஆசை வருகிறது. அம்மாவாக நடித்தவர் கனி குஸ்ருதி. அந்த அம்மா பையனை வீட்டுக்கே கூப்பிட்டு உபசரிக்கிறாள். கண் முன்னால் இருந்தால் கண்காணிக்கலாம் என்ற கணக்கு. போகப் போக, அம்மா தனக்குக் கிடைக்காத வயசை அந்தச் சிரிப்பிலும் பேச்சிலும் தேடுகிறாளோ என்று மகளுக்கே பொறாமை வருகிறது. எவ்வளவு சிக்கலான விஷயம்! இதை வெளியே சொல்ல எந்த வீட்டுக்குத் தைரியம் உண்டு? அமெரிக்காவின் சண்டான்ஸ் விழாவில் இந்தப் படத்துக்கு ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தரும் விருது கிடைத்தது. மீராவாக நடித்த பிரீத்தி பாணிகிரகிக்கு நடிப்புக்கான சிறப்புப் பரிசும் கிடைத்தது. முன்பின் தெரியாத ஊரில் இருக்கும் அம்மாக்களும் மகள்களும் அந்தப் பள்ளிக்கூடத்துக் கதையில் தங்களைப் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது தமிழுக்கு வரலாம். 2025 செப்டம்பரில் திரைக்கு வந்தது ‘பேட் கேர்ள்’. இயக்கியவர் வர்ஷா பரத், இயக்குநர் வெற்றிமாறனிடம் உதவியாளராக இருந்தவர். தயாரித்ததும் வெற்றிமாறன். ரம்யா என்ற சென்னைப் பெண்ணைப் பள்ளிப் பருவத்திலிருந்து 30 வயது தாண்டும் வரை படம் பின்தொடர்கிறது. அஞ்சலி சிவராமன் ரம்யா. அம்மா சுந்தரியாக வருபவர் சாந்திப்ரியா. ரோட்டர்டாம் விழாவில் ஆசியப் படங்களுக்கான நெட்பாக் விருதை வாங்கியது.

ஆனால், வீட்டுக்கு வந்த கதை வேறு. 2025 ஜனவரியில் முன்னோட்டம் வெளியானதுமே சண்டை. ஒரு சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்றார்கள், பிள்ளைகளைக் கெடுக்கிறது என்றார்கள். சிறார்களைக் காட்டிய விதம் பற்றி வழக்கு போனது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, முன்னோட்டத்தை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. படம் வெளியாகும் நேரத்தில் வெற்றிமாறன், தன் தயாரிப்பு நிறுவனத்தின் கடைசிப் படம் இதுதான் என்று அறிவித்துவிட்டார்.

இங்கே நியாயமாகப் பேச வேண்டும். ‘பள்ளிப் பிள்ளைகள் சிகரெட், மது, காதல் என்று திரையில் திரிந்தால், பார்க்கிற பிள்ளைகள் என்ன ஆவார்கள்?’ என்று ஒரு தகப்பன் கேட்டால், அவரை மூடர் என்று சொல்லக் கூடாது. அந்தப் பயம் உண்மை. பெற்ற வயிற்றின் பயம். சின்னப் பிள்ளைகளிடம் எல்லாப் படத்தையும் காட்ட வேண்டியதும் இல்லை. வயதுச் சான்றிதழ் அதற்குத்தான் இருக்கிறது. பெண் எடுத்துவிட்டால் எல்லாப் படமும் தங்கம் என்றும் சொல்ல முடியாது. பிடிக்காத காட்சி இருந்தால், பிடிக்கவில்லை என்று சொல்லலாம்.

ஆனால், ஒன்றைக் கேட்க வேண்டும். ஆண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைக் கட் அடித்துவிட்டு, சிகரெட் பிடித்து, பெண்ணின் பின்னால் சுற்றுகிற படங்கள் நம் மொழியில் எத்தனை வந்தன? அதற்கெல்லாம் நாம் என்ன பெயர் வைத்தோம்? ‘இளமை துள்ளல்’ என்றோம். ‘பசங்கன்னா அப்படித்தான்’ என்றோம். விசில் அடித்தோம். அதே தப்பை ஒரு பெண் செய்வதாகக் காட்டினால் மட்டும், நாடு கெட்டுவிடுமா? தப்பு என்றால் இரண்டு பேருக்கும் தப்பு. வயசுக் கோளாறு என்றால் இரண்டு பேருக்கும் வயசுக் கோளாறு. தராசில் இரண்டு தட்டு இருக்கிறது.

அந்தப் படத்தின் சண்டையில் பலரும் பேசாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. அந்த வீட்டில் பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறைப் பெண்கள். மகள் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறாள். ரொம்ப வருடம் கழித்துத்தான், தன் அம்மாவும் ஒரு காலத்தில் அடக்கப்பட்ட பெண்தான் என்று அவளுக்குப் புரிகிறது. புரிவதற்கு 30 வயது தாண்டிவிட்டது! பேசியிருந்தால் 15 வயதிலேயே புரிந்திருக்கும். இடையில் போன அந்த 15 வருடத்தை யார் திருப்பித் தருவார்கள்?

எல்லாம் நோய்தானா, மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். மருந்தும் இந்த மண்ணிலேயே இருக்கிறது. யாஸ்மின் அகமதுவை மறந்திருக்க மாட்டீர்கள். 2009 ஜூலையில் 51 வயதில் மறைந்த அந்த அம்மையார், ஆர்க்கிட் என்ற ஒரு மலாய்ப் பெண்ணை நமக்குத் தந்தார். 2004ல் எடுத்த ‘செப்பெட்’ படத்தில் அவள் பள்ளி மாணவி. ஈப்போவில் திருட்டு விசிடி விற்கிற சீனப் பையன் மேல் அவளுக்கு அன்பு. ‘முக்சின்’ படத்தில் அதே ஆர்க்கிட் 10 வயதுச் சிறுமி; 2007ல் பெர்லின் விழாவின் சிறுவர் பிரிவில் பரிசு வாங்கியது. அந்தப் பெண்ணுக்கு வந்த பிரச்னைகள் கொஞ்சமா? இனம், மதம், ஊர்ப் பேச்சு, பக்கத்து வீட்டு வம்பு எல்லாம் உண்டு. ஆனால், அவள் உடைந்து போகவில்லை. ஏன்?

அந்த வீட்டைப் பாருங்கள். அம்மாவும் அப்பாவும் மகளும் வீட்டுவேலை செய்கிற அக்காவும் ஒன்றாக உட்கார்ந்து சிரிக்கிறார்கள். அப்பா மகளைக் கிண்டல் செய்கிறார். அம்மா மகளின் மனசை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறாள். மகள் ஒரு பையனைப் பற்றிச் சொன்னால், அம்மாவின் கை கரண்டியைத் தேடுவதில்லை, காது திறக்கிறது. ஊர் என்ன சொல்லும் என்று அந்த வீடு கணக்குப் பார்ப்பதில்லை. மகள் என்ன சொல்கிறாள் என்று பார்க்கிறது. சஃபானுக்கும் ஆர்க்கிட்டுக்கும் நாடு ஒன்று, மொழி ஒன்று, மதம் ஒன்று. வித்தியாசம் வீட்டில் இருக்கிறது. ஒரு வீட்டில் பேச ஆள் இல்லை, பெண் புலியானாள். இன்னொரு வீட்டில் பேச ஆள் இருந்தது, பெண் பெண்ணாகவே வளர்ந்தாள்.

அதே யாஸ்மின் 2009ல் எடுத்த ‘டேலண்டைம்’ படத்தில் ஒரு தமிழ்க் குடும்பமும் வருகிறது. காது கேளாத தமிழ்ப் பையன் மகேஷ், மெலூர் என்ற மாணவி. வேறு இனம், வேறு மதம். காது கேட்காத அவனுக்கு அந்தப் பெண்ணின் மனசு கேட்டது. காது நன்றாகக் கேட்கிற பெரியவர்களுக்குத்தான் கேட்கவில்லை.

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. மகளிடம் பேசுவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். உங்களுக்கு அந்த வயதில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள், போதும். ‘எனக்கு முதல் தடவை ஆனப்போ, ஏதோ வியாதின்னு நெனச்சு அழுதேண்டி’ என்று ஒரு அம்மா சொன்னால், அந்தப் பெண்ணின் பாதிப் பயம் அங்கேயே போய்விடும். அம்மாவும் தன்னைப் போல் ஒரு பெண்ணாக இருந்தவள்தான் என்று அவளுக்குத் தெரியும். நாம் சொல்லாவிட்டால் அவள் தெரிந்துகொள்ளாமல் இருக்கப் போவதில்லை. கைப்பேசி சொல்லிக் கொடுக்கும். யாரோ முகம் தெரியாதவன் சொல்லிக் கொடுப்பான். அவன் சொல்லிக் கொடுப்பதற்கு என்ன விலை கேட்பான் என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை.

தகப்பன்மார்களே, ‘இது பொம்பளைங்க சமாச்சாரம்’ என்று எழுந்து வெளியே போகாதீர்கள். நேற்று வரை தோளில் தூக்கிவைத்துத் தண்ணீர்மலைக்குத் தைப்பூசம் பார்க்கக் கூட்டிப் போன அப்பா, சடங்கு முடிந்த மறுநாளிலிருந்து மகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திக்கொள்கிறார். அவருக்குக் கூச்சம். ஆனால், அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ‘ஏதோ தப்புச் செய்துவிட்டோம், அதனால்தான் அப்பா பேசவில்லை’ என்றுதான் அவளுக்குப் படும். அவசரத்துக்குக் கடைக்குப் போய் நாப்கின் வாங்கி வருகிற அப்பா, மகளுக்கு ஒரு பெரிய பாடம் சொல்லித் தருகிறார். ‘இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லம்மா’ என்று வாயால் சொல்லாமலே சொல்கிறார்.

படம் பார்க்கும் விஷயத்துக்கும் ஒரு யோசனை. இந்தப் படங்களைத் தடுத்துவிட்டால் பிள்ளை பார்க்க மாட்டாள் என்று நினைக்க வேண்டாம். முதலில் பெரியவர்கள் பாருங்கள். மகளின் வயதுக்குச் சரி என்று பட்டால், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். முடிந்ததும் ‘இதைப் பார்த்து என்ன கத்துக்கிட்ட?’ என்று வாத்தியார் மாதிரி கேட்காதீர்கள். ‘அந்த அம்மா செஞ்சது சரியா?’ என்று கேளுங்கள். அப்போது பாருங்கள், அவள் பேசுவாள். படத்து அம்மாவைப் பற்றிப் பேசுவதுபோல் உங்களைப் பற்றித்தான் பேசுவாள். கொஞ்சம் வலிக்கும். கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகாதீர்கள்.

கடைசியாக, வேறு வழியில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளுக்கு. இந்தப் படங்களை எடுத்தவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் உங்களைப் போல் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ‘நம்மளப் பத்தி யாராவது சொல்ல மாட்டாங்களா’ என்று நினைத்தவர்கள்தான். யாரும் சொல்லவில்லை, அதனால் அவர்களே சொன்னார்கள். உங்கள் பாட்டி கப்பலில் கொண்டு வந்த கதை இருக்கிறது. உங்கள் அம்மா பாயான் லெப்பாஸ் ராத்திரி ஷிப்டில் பார்த்த கதை இருக்கிறது. அம்மா பேசட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களே போய்க் கேளுங்கள். ‘அம்மா, என் வயசுல நீ எப்படி இருந்தே?’ என்று கேளுங்கள். முதல் நாள் ‘போடி, வேலையைப் பாரு’ என்பாள். இரண்டாவது நாளும் கேளுங்கள். மூன்றாவது நாள் சொல்லுவாள். அதை எழுதி வையுங்கள். உங்கள் கையில் இருக்கிற கைப்பேசியிலும் ஒரு கேமரா இருக்கிறது. இந்தத் துறைமுகத்துப் பெண்ணின் கதையைப் படமாக எடுக்க, அந்தக் கதைக்குள் வாழ்ந்த பெண்ணைவிடத் தகுதியானவர் யார்?

சடங்கு வைப்பதைத் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. மாமன் சீர் வரட்டும், மாலை போடட்டும், விருந்து நடக்கட்டும். அது பெரியவர்களின் சந்தோஷம். ஆனால், பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன், அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேளுங்கள். ‘உனக்கு இது வேணுமாம்மா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள். வேண்டும் என்றால் ஜாம் ஜாமென்று நடத்துங்கள். வீட்டில் அவளுடைய பேச்சு அன்றைக்குத் தொடங்கட்டும்.